கண்டியில் இறையன்பும் பிறர்தொண்டும்

கடவுளிடத்தில் ஒருவன் கொண்ட அன்பு அவனைப் பிறந்த ஊரில் இருக்கவிடாமல், கடல் கடக்கச் செய்து, மொழியறியாத தேசத்தில் முகமறியாத மனிதரின் புண்ணைக் கழுவும்படி ஏன் ஏவ வேண்டும் என்பது எளிதில் விடை சொல்லிவிடக்கூடிய வினாவன்று. நாவுக்கரசர் உழவாரப் படையைக் கையிலேந்தித் தலந்தலமாகச் சென்று புல் செதுக்கியபோது அந்தத் தொண்டுக்குக் களமாக அமைந்தவை பெரும்பாலும் தமிழ் நிலத்துத் தலங்களே. கிறிஸ்தவ சமயமோ அயலானிடம் காட்டும் அன்பையே கடவுளன்புக்கு உரைகல்லாக வைத்ததோடு, அந்த அயலான் உலகின் எந்தக் கோடியிலும் இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டது. அதனால் அச்சமயத்தில் பரதேசத் தொண்டு என்பது சிலருடைய விசேஷ விருப்பமாக நில்லாமல் ஒரு கடமையாகவே வளர்ந்தது. அக்கடமையில் எவ்வளவு அன்பு, எவ்வளவு அதிகாரம் என்று பிரித்தறிய விரும்புகிறவனுக்குக் கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைகளையும்போல் தகுந்த இடம் நம் பக்கத்தில் அதிகமில்லை. அங்கே சுதேச மன்னனின் ஆட்சியிலும் தொண்டர்கள் வந்தார்கள். வெள்ளையர் கொடியின் நிழலிலும் வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பணி நின்றுவிடவில்லை.

இவ்விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சியார் கலாசாலைகளையும் வைத்தியசாலைகளையும் எண்ணிக் காட்டி, பாதிரிமார் வராவிட்டால் இந்த நாடு இருட்டில் கிடந்திருக்கும் என்பர். மற்றொரு கட்சியார், அந்தக் கலாசாலைகளே நம் பிள்ளைகளைத் தம் தேசத்துக்கு அந்நியராக்கின என்பர். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்த ஆனந்த குமாரசுவாமி இந்தக் குறையை மிகுந்த வேதனையோடு எடுத்துரைத்தார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு கட்சியாரும் மிஷனரி என்றவுடன் ஐரோப்பியனையே மனத்தில் கொள்கிறார்கள். கண்டியின் வரலாற்றை அடியிலிருந்து பார்த்தால், அங்கே இறையன்பையும் பிறர்தொண்டையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக்கிக் காட்டியவர்களுள் முதல்வர் கொங்கணத்தார் ஒருவர் என்பதும், அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தோட்டம் தோட்டமாக நடந்து அந்த வழியைத் தொடர்ந்தவர்கள் திருநெல்வேலித் தமிழர்கள் என்பதும் தெரியவரும். இந்த உண்மைக்கு நாம் கொடுத்த இடம் மிகச் சிறிது.

ஜோசப் வாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி கோவாவைச் சேர்ந்த பெனாலிமில் பிறந்தவர். இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஒல்லாந்தர் கைப்பற்றியபின் கத்தோலிக்க குருமாரை அங்கே கால் வைக்கவொட்டாமல் தடுத்துவிட்டார்கள் என்றும், அங்குள்ள மக்கள் நெடுங்காலமாக மேய்ப்பனின்றி வாடுகிறார்கள் என்றும் கேள்வியுற்ற அவர், 1687இல் ஜான் என்ற ஊழியனை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு, பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. வந்த உடனே கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து, மக்கள் இட்ட கஞ்சியால் பிழைத்தார். பிறகு கழுத்தில் ஜெபமாலை தெரியும்படி வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, அந்த மாலையைக் கண்டு முகம் மலர்கிறவர் யார் என்று பார்த்துத் தம்மவரை அடையாளம் கண்டார். பணமும் படையும் அரச முத்திரையும் இல்லாத மிஷன் அது. சில்லாலையிலும் பின்னர் புத்தளத்திலும் மறைந்து பணி செய்து, ஒல்லாந்தர் நெருக்கவே 1692இல் கண்டி ராச்சியத்தை நோக்கி மலையேறினார்.

கண்டியில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு சிறைவாசம். பறங்கியரின் ஒற்றன் இவன் என்று அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் மன்னனிடம் சொல்ல, விசாரணையின்றியே அவர் காவலில் வைக்கப்பட்டார். அந்தக் காவலை அவர் செலவிட்ட விதம் கவனிக்கத்தக்கது: சிங்களம் படித்தார். காவலின் கடுமை தளர்ந்தபோது அவ்விடத்திலேயே சிறு கோயில் ஒன்றும் அமைத்துக்கொண்டார். நாட்டில் பஞ்சம் வந்தபோது அவர் பிரார்த்திக்க மழை பெய்தது என்ற மரபுச் செய்தி இன்றும் கண்டிக் கத்தோலிக்கர் நாவில் வழங்குகிறது, நம்புகிறவர் நம்பட்டும். அதற்குப் பிறகு நடந்ததற்கு அற்புதம் எதுவும் தேவைப்படவில்லை.

1697இல் கண்டி நகரத்தில் பெரியம்மை பரவியது. அம்மை கண்டவனை வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது அக்காலத்து வழக்கம். அது கொடுமையினால் வந்ததன்று, அச்சத்தினால் வந்தது. மன்னனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றார்கள். அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த, அவருக்கு மருமகன் முறையான ஜோசப் கார்வால்யோ அடிகளாரும் நகரிலேயே தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போய்க் குடிசையிட்டும் வெறும் வீடுகளில் கிடத்தியும் கஞ்சி வார்த்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், எடுப்பாரில்லாத பிணங்களைத் தம் கையாலேயே குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். நோயாளி கிறிஸ்தவனா, பௌத்தனா, சைவனா, முகம்மதியனா என்ற பேதம் அந்தக் குடிசைகளில் இருக்கவில்லை. அம்மைக் கொப்புளம் உடைந்து நீர் வடிகிறவனைத் தூக்கி உட்காரவைத்து அகப்பையால் கஞ்சி ஊட்டுவது எத்தகைய வேலை என்பதை, நம் வீட்டுப் பெரியவர்களிடம் அம்மைக் காலத்துக் கதைகளைக் கேட்டவர்கள் அறிவார்கள். ஒரு நாள் உற்சாகத்தில் அதைச் செய்யலாம். மாதக்கணக்கில் செய்வதற்கு வேறோர் ஊற்று வேண்டும்.

இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் (1687–1707) இந்தச் சேவையை எப்படி உள்வாங்கிக்கொண்டான் என்பதில்தான் நம் கேள்விக்குரிய அரிய விஷயம் இருக்கிறது. அவன் பௌத்த தர்மத்தில் தளர்ந்த மன்னனல்லன். அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்து அற்றுப்போன உபசம்பதை என்னும் உயர்தீட்சையை மீண்டும் நிலைநாட்டியவன். தலதா மாளிகையை மூன்று நிலையாக எழுப்பியவன். நோயாளியைப் பேணுகிறவன் தம்மையே பேணுகிறான் என்று புத்த பகவான் உபதேசித்ததாகப் பௌத்த விநய நூல் கூறும். ஆகவே கிறிஸ்தவக் குருவின் செயலில் மன்னன் கண்டது அந்நிய சமயத்தின் தந்திரத்தை அன்று, தன் சமயமே போற்றும் ஒரு புண்ணியத்தை. தன் சமயத்தைச் சிறிதும் விட்டுக்கொடாமலே அவன் அடிகளாரைத் தன் ராச்சியத்தில் தடையின்றி நடமாட விட்டதற்கு இதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தோன்றவில்லை. தொண்டன் தன் கடவுளின்மேல் வைத்த அன்பினால் செய்வதை, தொண்டைப் பெறுகிறவன் தன் தர்மத்தின் கண்ணாலேயே பார்த்து மதிக்கும்படி இருந்தால், அங்கே இருவரில் ஒருவரும் தாழ்ந்துபோவதில்லை. பிற்காலத்து மிஷன்கள் பலவற்றில் நான் தேடியும் எளிதில் காணாதது இந்தச் சமநிலையே.

அடிகளார் தமக்கு வந்த மேற்றிராணிப் பதவியை மறுத்துவிட்டு, மலைப்பாதைகளிலே நடந்து உடல் தேய்ந்து, 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி கண்டியில் உயிர் நீத்தார். கண்டியில்தான் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் அந்த இடம் எது என்று இன்று சுட்டிக்காட்ட இயலாது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி கொழும்பு காலிமுகத் திடலில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தபோது, இலங்கையின் முதற் புனிதரானார் இந்தக் கோவாக்காரர்.

அவருக்குப் பின் அப்பணியை மொழியால் நிலைநிறுத்தியவர் ஜாகோமே கொன்சால்வெஸ் அடிகளார். 1705இல் இலங்கை வந்த அவரும் கோவாவினரே. சிங்களத்தையும் தமிழையும் நூலெழுதும் அளவுக்குக் கற்று, இரண்டிலும் எழுதிக் குவித்தார். பெரிய வெள்ளிக்கிழமைகளில் நம் கத்தோலிக்கர் ஓலமிட்டு வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. அதை வாசித்து அழுகிறவர்களுள் அதை எழுதியவர் தாய்மொழி தமிழல்லாத ஒருவர் என்பதை அறிந்தவர் மிகச் சிலர். ஒரு ஜனத்தின் அழுகைக்கே சொல் கொடுக்கும் அளவுக்கு அந்நியன் ஒருவன் அந்த ஜனத்தின் மொழியில் கரைந்துபோவானாகில், அவனுடைய அன்பைச் சோதிக்க வேறு பரீட்சை வேண்டியதில்லை. எனினும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி அரசின் ஆதரவு இந்தக் குருமாரை விட்டு விலகிற்று. பிறகு மலைநாட்டில் அவர்கள் வளர்த்த சபை நலிந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. சர்ச் மிஷன் சங்கத்தின் முதல் போதகர்கள் இலங்கை வந்ததும், அவர்களுள் சாமுவேல் லாம்ப்ரிக் கண்டியில் பணி தொடங்கியதும் 1818இல். அவர்கள் ஆட்சியை எதிர்த்து எழுந்த ஊவாக் கலகத்தை வெள்ளையர் நெருப்பாலும் வாளாலும் அடக்கிய வருஷமும் அதுவே. லாம்ப்ரிக் நல்லவரல்லர் என்று நான் சொல்லவில்லை. அவர் சிங்களத்துக்கு இலக்கணம் எழுதிய உழைப்பாளி. ஆனால் ஊரைக் கொளுத்தியவனுடைய நிறத்தோடும் உடையோடும் வந்து அன்பைப் போதிக்கிறவன் எவ்வளவு நல்லவனாயினும், அவனுக்கு முன் நிற்கிறவன் மனத்தில் முதலில் எழுவது அச்சமே. வாஸ் அடிகளார் மன்னனின் சிறையில் இருந்து தொடங்கினார். இவர்கள் மன்னனைச் சிறையிட்டவர்களின் காவலில் தொடங்கினார்கள். இந்த வேற்றுமையை மறைத்து எழுதும் மிஷன் சரித்திரம் சரித்திரமாகாது.

பள்ளிக்கூடங்களைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் அறிந்தவை. சில்வெஸ்திரிய சந்நியாசிகள் நடத்திய புனித அந்தோனியார் கல்லூரி, டிரினிட்டி என்ற பெயரால் வழங்கும் கல்லூரி, 1890இல் எழுந்த ஹில்வுட் பெண்கள் பாடசாலை என்று ஒவ்வொன்றாக மலைச் சரிவுகளில் தோன்றின. இத்தகைய மிஷன் பள்ளிகளுக்கு எதிராகப் பௌத்தர்கள் 1887இல் தர்மராஜ கல்லூரியைத் தொடங்கியது நியாயமான ரோஷத்தின் விளைவு.

மிஷன் பள்ளிகளை நடத்தியவர்களுள் ஒருவரை மட்டும் தனியே குறிக்க வேண்டும். 1904 முதல் 1924 வரை டிரினிட்டியின் அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசர் உகாண்டாவில் பணி செய்துவிட்டு வந்தவர். தாய்மொழியை வாசற்படியில் நிறுத்தி வைத்திருந்த கல்லூரிக்குள் சிங்களத்தையும் தமிழையும் பாடமாகக் கொண்டுவந்தார். நகரத்துச் சேரிகளுக்குச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி ஏழைகளின் நிலையை நேரில் பார்க்கச் செய்தார். அவர் காலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டு 1935இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கல்லூரி ஆலயத்தைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். சுவரில்லாமல் நாற்புறமும் திறந்து, கண்டிச் சிற்ப மரபில் செதுக்கிய கற்றூண்களின்மேல் நிற்கும் அதன் உள்ளே டேவிட் பெயின்டர் தீட்டிய ஓவியங்களில், சீஷர் கால்களைக் கழுவக் குனிந்திருக்கும் இயேசுவும் அவரைச் சுற்றியுள்ளவர்களும் நம் நாட்டவர் சாயலிலேயே இருக்கிறார்கள். சிலுவையில் தொங்குகிறவருக்குப் பின்னே தெரிவது நம் கடற்கரைக் கண்டல் காடு. குமாரசுவாமி சுட்டிய குறையை ஒரு மிஷன் கலாசாலையே ஓரளவு உணர்ந்து திருந்தியதற்கு அக்கட்டடம் பிரத்தியட்ச சாட்சி.

இனி, நம்மவர் பலரும் கடந்துபோகும் அத்தியாயத்துக்கு வருகிறேன். கண்டியைச் சூழ்ந்த காடுகளை அழித்துக் கோப்பி பயிரிடத் தொடங்கிய துரைமார், அதற்கு வேண்டிய ஆட்களைத் திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் மூலம் திரட்டினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரில்லாத காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் போக எஞ்சியவர்களே மலையேறினார்கள். இவர்களுக்கென்று 1854இல் சர்ச் மிஷன் சங்கத்தார் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று பெயரிட்டு ஒரு பணியைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியில் தமிழ் கற்றுப் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் போதகர் அதற்குத் தலைமை தாங்க வந்தார். ஆனால் மலையில் ஏறி இறங்கி வேலை செய்தவர்கள் அவரோடும் அவருக்குப் பின்னும் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசியார்களே.

அந்த உபதேசியாரின் நாளை நாம் மனத்தில் வரைந்து பார்க்க வேண்டும். பகல் முழுவதும் ஆட்கள் மலையில் நிற்பதால் அவருக்குப் பகலில் கேட்போர் இல்லை. விடியலில், ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுமுன் கிடைக்கும் சிறிது நேரமும், அந்தியில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் வாசலில் அடுப்பு மூட்டிய பிறகு கிடைக்கும் சிறிது நேரமுமே அவருடைய ஆலயமும் பள்ளிக்கூடமும். அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதையில் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். ஊருக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்கிறவனுக்கு எழுதித் தருவார். ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவார். பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுப்பார். கோப்பிச் செடியில் 1869இல் நோய் விழுந்து, சில ஆண்டுகளில் தோட்டங்கள் பாழாகி, பின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்த காலத்திலும் இந்த நடை நிற்கவில்லை. தம் ஊரில் பனையும் மணலும் கண்டு வளர்ந்தவர்கள் பனிமூட்டத்தில் குளிர்காய்ச்சல் பட்டு இங்கே கிடந்தது யாருக்காக? தமிழர்தாமே, தமிழருக்குத் தமிழர் செய்தது மிஷன் ஆகுமா என்று கேட்பவர் உண்டு. அவர்கள் கடல் கடந்தார்கள். வேறு அரசின் கீழ் வந்தார்கள். திரும்பிப்போய்ச் சொந்த ஊரில் மரியாதையாக வாழ வழியிருந்தும் லயத்தருகே வாழ்ந்தார்கள். பரதேசத் தொண்டுக்கு இதற்குமேல் என்ன இலக்கணம் வேண்டும்?

ஆயினும் அந்த மிஷனில் ஒரு தளை இருந்தது. அதை மறைப்பது பாவம். அதன் செலவில் ஒரு பங்கு துரைமார் கையொப்பமிட்டுக் கொடுத்த சந்தாவிலிருந்து வந்தது. துரையின் அனுமதியின்றித் தோட்டத்துக்குள் அந்நியன் காலெடுத்து வைக்க முடியாது. இந்நிலையில் உபதேசியார் குடியைக் கண்டிக்கலாம், சூதைக் கண்டிக்கலாம். கூலிப் பாக்கியைப் பற்றியும், கங்காணியின் கணக்கில் தலைமுறை தலைமுறையாக ஏறிய கடனைப் பற்றியும் உரத்துப் பேசினால் மறுநாள் அவருக்கு வாசல் அடைபட்டிருக்கும். புண்ணைக் கழுவும் அன்பு, புண் உண்டாக்கும் கையைப் பிடிக்க இயலாமற்போனது இங்கேதான். அந்தக் குறை தொண்டருடைய உள்ளத்தைச் சேர்ந்ததன்று, அவர்கள் நின்ற ஸ்தானத்தைச் சேர்ந்தது என்பதே என் துணிபு.

சுதேசிகளே தம் மக்களுக்குக் குருமாராக வேண்டும் என்ற எண்ணமும் கண்டியிலேதான் கல்லும் சுண்ணாம்புமாக உருவெடுத்தது. போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் ஆணையின்படி 1893இல் ஏற்பட்ட பாப்பரசர் குருமடம், அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி சலெஸ்கியின் முயற்சியால் கண்டியையடுத்த அம்பிட்டியாவில் எழுந்து, பெல்ஜிய நாட்டு இயேசு சபையாரின் பொறுப்பில், இந்தியா முழுவதிலுமிருந்து வந்த மாணவரைக் குருமாராக்கி அனுப்பியது. 1955இல் புனாவுக்கு மாற்றப்பட்டது. புரொட்டஸ்டண்டு பக்கத்தில் அதே எண்ணம் வேறு வழியில் முளைத்தது: 1902இல் யாழ்ப்பாணம் சென்ற வே. ச. அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைக் கண்டு உள்ளம் கிளர்ந்து, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் உருவாகக் காரணமானார். ஏழாண்டுக்குப் பின் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஐரோப்பிய மிஷனரிகளை நோக்கி, உங்கள் தியாகம் பெரிது, ஆனால் நீங்கள் எங்களுக்கு நண்பர்களாகவில்லையே என்ற கருத்துப்படப் பேசினார். பரதேசத் தொண்டைப் பற்றி எழுந்த விமர்சனங்களுள் இதைவிட நேரானதை நான் அறியேன். அது வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்தே வந்தது அதன் பலம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று அவர்களைக் கேளாமலே பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கண்டி புகைவண்டி நிலையத்தில் தலைமன்னார் வண்டியேறிய குடும்பங்களை அக்காலத்து மனிதர் மறந்திருக்க முடியாது. அந்த வேளையில் 1972இல் இயேசு சபைக் குரு பால் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கி, சிங்களரையும் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் வாழவும் உழைக்கவும் செய்து, தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, வாக்குரிமை ஆகியவற்றைப் பற்றி வெளிப்படையாக எழுதியும் பேசியும் வந்தார். 2017இல் மறையும்வரை அவர் அதை விடவில்லை. அவர் இலங்கையர், மிஷனரி என்று யாரும் அவரை அழைக்கவில்லை. ஆனாலும் பழைய உபதேசியார் பேசமுடியாமல் விழுங்கிய வார்த்தையை அவர் பேசினார். துரையின் சந்தா அவருக்குத் தேவைப்படவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, கடவுளன்பு பிறநாட்டில் தூய தொண்டாக நிற்பதும் நில்லாததும் தொண்டனுடைய பக்தியின் அளவை மட்டும் பொறுத்ததன்று என்று எனக்குத் தெளிவாகிறது. அவன் யாருடைய சோற்றை உண்டு, யாருடைய அனுமதியின் கீழ் நிற்கிறான் என்பதும் அதை நிர்ணயிக்கிறது. வாஸ் அடிகளார் ஏழைகளின் கஞ்சியை உண்டார். அதனால் அவர்கள் முன் தலை நிமிர்ந்தும் தலை தாழ்ந்தும் நிற்க முடிந்தது. ஐரோப்பியரில் சிறந்தவர்களுக்கும் அந்தப் பாக்கியம் அரிதாகவே வாய்த்தது.

நமக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புனிதராக்கப்பட்டவருடைய அடக்க இடந்தான் தெரியவில்லை, பெயர் நிலைத்துவிட்டது. மலைநாட்டு உபதேசியார்களுக்கோ பெயரும் நிலைக்கவில்லை. அவர்கள் கைப்படத் தமிழில் எழுதிய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் மலைநாட்டுப் பழைய சபைகளில் மிஞ்சியிருக்குமானால், அவற்றைப் பூச்சிக்கும் ஈரத்துக்கும் பறிகொடுப்பது நன்றி கொன்ற செயல். கண்டியிலும் மாத்தளையிலும் உள்ள சபைத் தலைவர்களும், திருநெல்வேலித் திருமண்டலத்தாரும், பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்களும் கூடி, அப்பதிவேடுகளைத் தேடிப் படியெடுத்து, ஒவ்வோர் உபதேசியாரின் பெயரையும் ஊரையும் அவர் நடந்த தோட்டங்களையும் தொகுத்து அச்சிட முன்வர வேண்டும். தம் தாத்தாவின் தாத்தா ஒருவர் கண்டிச் சீமைக்கு உபதேசியாராகப் போனார் என்று வீட்டில் கேட்டிருக்கிற வாசகர்கள், அந்தப் பெயரை இன்றே எழுதித் தங்கள் சபைக் குருவிடம் கொடுத்துவைக்கும்படி வேண்டுகிறேன்.